ஆறு செடி பேக்குக்கு விலை போடும் கணக்கு: டர்பன் (தென்னாப்பிரிக்கா) பக்கத்து நர்சரிக்காரர்களுக்கு

மொத்த விலையை இரண்டால் பெருக்கி ஸ்டிக்கர் ஒட்டிவிடும் பழக்கம் பல சிறு நர்சரிகளில் உண்டு. மாமரக் கன்றுக்கும் கறிவேப்பிலைக்கும் அது ஓரளவு தாங்கும். இந்த மாதம் விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கும். பெட்டூனியா, பான்சி, துலுக்கச் சாமந்தி போன்ற பருவப்பூச் செடிகள் அப்படிக் காத்திருக்காது. அவற்றின் விலையை முடிவு செய்வது பில்லில் உள்ள தொகை மட்டுமல்ல, வாங்கியதில் எத்தனை பேக் (ஆறு சின்னக் குழியில் ஆறு நாற்று உள்ள தட்டு) காசாகி வெளியே போகிறது என்பதும்தான்.

முதலில் அடக்க விலை. இங்கே வரும் எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வளர்ப்பவரிடம் ஒரு பேக் வாட் (மதிப்புக் கூட்டு வரி) இல்லாமல் 22 ராண்ட். பக்கி (திறந்த பின்பக்கச் சின்னச் சரக்கு வண்டி) ஒரு நடைக்கு 600 ராண்ட், ஏற்றுவது 150 பேக் என்றால் ஒன்றுக்கு 4 ராண்ட். பெயர் அட்டையும் பையும் 1 ராண்ட். அடுத்தது கூலி, இதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். 300 பேக்குக்குத் தண்ணீர் விட, வாடிய பூ கிள்ள நாளுக்கு 2 மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். 2025 மார்ச்சில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. 14 நாள் மேசையில் இருந்தால் பேக்குக்கு 2.69 ராண்ட், உரத்தையும் சேர்த்து 3 என்று வைக்கலாம். ஆக 30 ராண்ட். கூலி மார்ச் மாதத்தில் ஏறும், அந்த மாதமே இந்த வரியைத் திருத்துங்கள்.

இனி கழிவு. செத்தது, நீண்டு வளைந்து போனது, திருட்டுப் போனது, சும்மா கொடுத்தது எல்லாம் இதில் சேரும். நூற்றுக்கு 15 கழிகிறது என்றால் 30-ஐ 1.15-ஆல் பெருக்கக் கூடாது, 0.85-ஆல் வகுக்க வேண்டும். விற்கும் 85 பேக்தான் 100 பேக்கின் செலவைச் சுமக்கிறது. வகுத்தால் 35.29.

அடுத்து லாபம். அடக்கத்தின் மேல் 45 சதவீதம் வைப்பதும், விற்பனையில் 45 சதவீதம் நிற்பதும் வேறு வேறு கணக்கு. வாடகையும் மின்சாரமும் விற்பனைப் பணத்திலிருந்து போவதால் இரண்டாவதுதான் உங்களுக்குத் தேவை. 35.29-ஐ 0.55-ஆல் வகுத்தால் 64.16. அதை 1.15-ஆல் பெருக்கி வாட் சேர்த்தால் 73.78. (2018 ஏப்ரல் முதல் வாட் 15 சதவீதம், கழிவும் 15 என்று எடுத்ததால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 75 ராண்ட் என்று ஒட்டலாம். அடக்கத்தின் மேல் 45 வைத்திருந்தால் வாட்டோடு 58.85-தான் வந்திருக்கும்.

பழைய 'இரண்டு மடங்கு' முறையில் ஸ்டிக்கர் 44 ராண்ட். அதில் வாட் போக 38.26. கழிவோடு சேர்ந்த அடக்கம் 35.29 போக கையில் நிற்பது 2.97. கார்டு மெஷின் கட்டணத்துக்கே அதில் பாதி போய்விடும். வாட் பதிவு இல்லாத கடை என்றால் கணக்கு கொஞ்சம் மாறும்: வாங்கும்போது கட்டிய வாட்டைத் திரும்பப் பெற முடியாது, எனவே 22-க்குப் பதில் 25.30 என்று தொடங்கி, கடைசியில் வாட் சேர்க்காமல் நிறுத்துங்கள்.

ஸ்டிக்கரில் எப்போதும் வாட் சேர்ந்த விலை இருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) 23-ஆம் பிரிவின்படி ஒரே பொருளில் இரண்டு விலை தெரிந்தால் குறைந்த விலைக்குத்தான் கொடுக்க முடியும். புதிய ஸ்டிக்கர் பழையதை முழுக்க மறைத்தால் சிக்கல் இல்லை. ஆனால் தண்ணீர் பட்டு மேல் ஸ்டிக்கர் பாதி உரிந்தால் கீழிருக்கும் பழைய விலை எட்டிப் பார்க்கும். பேக்கில் ஒட்டாமல் மேசைக்கு ஒரு பலகை வைப்பது மேல். 74.99 போன்ற விலையால் பெரிய பயனும் இல்லை. 5 சென்ட் நாணயம் அடிப்பது நின்றுவிட்டதால் ரொக்கத்தில் 74.90-தான் வாங்குவீர்கள்.

ஒவ்வொரு ரகத்துக்கும் தனி விலை வேண்டாம். அலிசம் 68, லோபிலியா 77, சாமந்தி 71 என்று வைத்தால் கல்லாவில் இருப்பவர் எல்லாவற்றையும் 68 என்றே அடிப்பார். ஒரே அளவு பேக்குகளைச் சேர்த்து, விற்கும் எண்ணிக்கைக்கு ஏற்ற சராசரி எடுத்து, ஒரே விலை, ஒரே நிற அட்டை. விலை கூடிய கலப்பின விதையில் வந்தவைக்கு இன்னொரு நிறம். தொட்டியில் பூத்தவைக்கு மூன்றாவது. அதற்கு மேல் நிறம் சேர்த்தால் குழப்பம்தான்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஆளை உள்ளே இழுக்க ஆறு செடி பேக்கை மலிவாகத் தள்ளுவது உண்டு. எல்லாவற்றிலும் அவர்களோடு மல்லுக்கட்டினால் நீங்கள்தான் களைப்பீர்கள். வாடிக்கையாளர் விலையை மனதில் வைத்திருப்பது சாமந்தி, பெட்டூனியா போன்ற இரண்டு மூன்றில்தான். அவற்றை மட்டும் பக்கத்து விலைக்கு அருகில் வையுங்கள். தொங்கும் கூடை, மண் கலவை, பூத்த தொட்டி ஆகியவற்றுக்கு யாரும் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. குறைந்த லாபத்தை அங்கே ஈடுகட்டலாம்.

துலுக்கச் சாமந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடிக்கு வீட்டுப் பூ வேண்டும் என்பவர்கள் நவம்பர், டிசம்பரில் நாற்று எடுத்தால்தான் உண்டு. நட்டபின் பூக்க ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அந்தச் சமயத்தில் பேக் விலையை ஏற்ற வேண்டாம், வருடா வருடம் வரும் ஆட்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். அதற்குப் பதில் பேக்குகளில் ஒரு பங்கை 15 செ.மீ. தொட்டிக்கு மாற்றிப் பூக்க வையுங்கள். காவடிக்கு முந்தைய வாரம் வருபவருக்கு நாற்று உதவாது, பூத்த தொட்டிதான் வேண்டும். அதில் தொட்டி, மண், கூடுதல் வாரங்களின் கூலி எல்லாவற்றையும் சேர்த்து மேலே சொன்ன அதே கணக்கில் புதிதாக விலை போடுங்கள்.

கழிவு டர்பனில் மாதத்துக்கு மாதம் மாறும். ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டு மேட்டிலிருந்து வறண்ட பெர்க் காற்று இறங்கினால், சின்னக் குழி மண் அரை நாளில் காய்ந்துவிடும். காலையில் விட்ட தண்ணீர் மாலை வரை காணாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் புழுக்கமும் சேர்ந்து பெட்டூனியாப் பூவில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். பேக் வாங்கி வைத்த தேதியை ஐஸ்கிரீம் குச்சியில் எழுதிக் குழியில் செருகுங்கள். 14 நாள் தாண்டியதை, பார்க்க நன்றாக இருக்கும்போதே விலை குறைத்துத் தள்ளுங்கள். வாடியபின் பாதி விலைக்கும் போகாது, பக்கத்தில் இருக்கும் புதிய செடியையும் பழசாகக் காட்டும். ஒரு குழி மட்டும் செத்த பேக்குக்குத் தள்ளுபடி வேண்டாம். அதே நிறத்தில் ஒரு பேக்கைப் பிரித்து ஆறு பேக்கின் வெற்றுக் குழிகளை நிரப்பி, பிரித்ததைக் கழிவில் எழுதுங்கள்.

திங்கள்தோறும் குப்பைக்குப் போகும் பேக்குகளை ரகவாரியாக எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். லோபிலியா 22 சதவீதம் கழிகிறது என்று தெரிந்தால், அதே 30 ராண்ட் அடக்கத்துக்கு விலை 80 ராண்டைத் தாண்டும். 75 ராண்ட் அட்டையில் அது நிற்க வேண்டுமானால் ஒரு தடவைக்கு வாங்குவதைப் பாதியாக்கி, வாரம் ஒருமுறை எடுங்கள். அடிக்கடி போனாலும் பக்கியை மற்ற ரகங்களால் நிரப்பினால்தான் அந்த 4 ராண்ட் 4 ராண்டாகவே இருக்கும்.