பருக்குழிக்குக் காசைக் கொட்டும் முன்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பரு ஆறிய பிறகு முகத்தில் மிஞ்சுவது இரண்டு வகை. ஒன்று கறுப்புப் புள்ளி, இன்னொன்று குழி. நம் ஊர்த் தோல் நிறத்துக்குக் கறுப்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெயிலில் காட்டாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் பெரும்பாலும் தானாக மங்கிவிடும். குழி அப்படிப் போகாது. பலர் கறுப்பைக் குழி என்று நினைத்து லேசருக்கு ஓடுகிறார்கள், அல்லது குழிக்கு வெளுக்கும் கிரீமை வருடக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு எது என்று தெரியவேண்டுமா? இருட்டறையில் கண்ணாடி முன் நின்று மொபைல் டார்ச்சைக் கன்னத்தின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்தால் அது குழி.

ஏன் குழி விழுகிறது? பரு ஆழமாக வீங்கும்போது, அதை அடக்க வரும் ரத்த வெள்ளை அணுக்கள் விடுகிற நொதிகள் நடுத்தோலில் இருக்கும் கொலாஜனையும் (தோலைத் தாங்கிப்பிடிக்கும் புரதம்) சேர்த்துக் கரைத்துவிடுகின்றன. கரைந்த அளவுக்குப் புதியது ஊறாவிட்டால் மேல்தோல் உள்வாங்கிவிடும், சில இடங்களில் அடியில் நார் போல் இழைகள் உருவாகி மேல்தோலைக் கீழே பிடித்து இழுக்கவும் செய்யும். அம்மைத் தழும்பும் இப்படித்தான், கொப்புளத்தைச் சொறிந்து அதில் சீழ் வைத்துவிட்டால் குழி இன்னும் ஆழமாகும். அம்மை என்றால் வேப்பிலை கட்டிவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பது சென்னையில் இன்னும் நடக்கிறது. வேப்பிலை பாட்டுக்கு இருக்கட்டும், கொப்புளம் கிளம்பிய முதல் நாளே டாக்டரையும் பார்த்துவிடுங்கள். வைரஸ் மருந்து தேவைப்பட்டால் அது முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தவறு பருவைச் சும்மா விட்டுவிடுவதுதான். "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும், அந்த வருடங்களில்தான் குழிகள் விழுகின்றன. வீக்கம் எவ்வளவு நாள் நீடிக்கிறதோ அவ்வளவுக்குத் தழும்பு விழும் வாய்ப்பும் கூடும். கிள்ளுவது, பார்லரில் பரு இருக்கும்போதே ஃபேஷியல் செய்து அழுத்தி எடுப்பது எல்லாம் வீக்கத்தை இன்னும் உள்ளே தள்ளும். சென்னை அரசு மருத்துவமனைகளில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, எல்லாவற்றிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு வரிசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். பின்னால் லேசருக்குக் கொடுக்கப்போகும் பணத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

அடுத்தது மெடிக்கல் ஷாப் கிரீம். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு, நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த டியூபை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் பூசுவது. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், அதுதான் ஆபத்தே. ஸ்டீராய்டு தொடர்ந்து பட்டால் தோல் மெலியும், சிவக்கும், நிறுத்தியதும் பரு இரண்டு மடங்காகக் கிளம்பும். ஏற்கெனவே கொலாஜன் குறைந்துபோன இடத்தில் தோலையும் மெலிய வைத்தால் என்ன மிஞ்சும்? 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, கடைகளில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் பற்றியெல்லாம் பேசவே வேண்டாம். எலுமிச்சை பூசிக்கொண்டு மே மாத வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கறுத்துவிடும். சிலிக்கான் ஜெல் நல்ல பொருள்தான், ஆனால் அது மேடாகத் தடித்த தழும்புக்கு, குழிக்கு அல்ல. பூச்சு மருந்தில் குழிக்கு ஓரளவாவது உதவுவது அடாபலீன் மாதிரியான ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) ஜெல்கள். அதுவும் மாதக்கணக்கில் பூச வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் தொடக் கூடாது.

சரி, சிகிச்சைக்கே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். "ஒரே லேசர், எல்லாம் சரியாகும்" என்று பேக்கேஜ் விற்பவரை நம்பாதீர்கள். குழிகளில் வகை உண்டு. ஊசியால் குத்தியது போல் குறுகலாக ஆழமாக இருப்பதற்கு லேசர் அவ்வளவு எட்டாது, அடர்த்தியான டி.சி.ஏ. (ட்ரைகுளோரோஅசிட்டிக்) அமிலத்தைக் குழிக்குள் மட்டும் புள்ளியாக வைப்பார்கள், அல்லது அந்தத் துண்டையே சின்ன வட்டக் கத்தியால் பஞ்ச் செய்து எடுத்துத் தைப்பார்கள். அலை அலையாகப் பள்ளமாக இருப்பதற்கு அடியில் இழுக்கும் இழையை ஊசியால் அறுத்துவிட வேண்டும், அதற்கு சப்சிஷன் என்று பெயர். விளிம்பு தெளிவாக இருக்கும் அகலக் குழிக்கு மைக்ரோநீடிலிங் (நுண்ணூசிகளால் தோலைக் குத்திப் புது கொலாஜனைத் தூண்டுவது), ஃபிராக்ஷனல் லேசர் (தோலில் புள்ளி புள்ளியாக மட்டும் படும் லேசர்). ஒரே கன்னத்தில் மூன்று வகையும் இருக்கும், அதனால் கலந்துதான் செய்ய வேண்டியிருக்கும். முகத்தைத் தொட்டு, தோலை இழுத்துப் பார்க்காமலேயே விலை சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். செய்யப்போகிறவர் தோல் மருத்துவம் படித்தவரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நம் நிறத்துக்கு லேசரின் சூட்டை அதிகமாக வைத்தால் குழி குறைந்தாலும் முகமெல்லாம் கறுத்துப்போகும். சன்ஸ்கிரீன் இல்லாமல் லேசர் செய்துகொள்வது கிட்டத்தட்ட பணத்தை வெயிலில் போடுவதுதான். பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடி காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். ஆன்லைனில் டெர்மா ரோலர் (ஊசிகள் பதித்த சின்ன உருளை) வாங்கி வீட்டில் உருட்டுவதும் வேண்டாம். பரு இருக்கும் முகத்தில் உருட்டினால் கிருமியை நாமே எல்லா இடத்துக்கும் பரப்புகிறோம்.

கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டால், நிறுத்திய பிறகும் ஆறு மாதம் இந்தச் சிகிச்சை எதுவுமே செய்யக் கூடாது என்று முன்பு கறாராகச் சொல்வார்கள். 2017-ல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்கள் சங்கம், மேலோட்டமான பீல் (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது), ஃபிராக்ஷனல் லேசர் போன்றவற்றை அப்படித் தள்ளிப்போடப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்காக மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும்.

கடைசியாக, கல்யாணத் தேதி. பத்திரிகை அடித்த பிறகு வந்து "இருபது நாளில் முகம் சரியாகணும்" என்று கேட்பவர்கள் இங்கே ஏராளம். புது கொலாஜன் ஊறவே மாதங்கள் ஆகும், மைக்ரோநீடிலிங் மாதத்துக்கு ஒன்று என்று மூன்று முதல் ஆறு தடவை செய்ய வேண்டியிருக்கும், அதுவும் குழி குறையும், மொத்தமாக மறையாது. தை முகூர்த்தம் என்றால் ஆடியிலேயே ஆரம்பியுங்கள்.