இளம் குவார்ட்டர்பேக்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். பாதிப்பேர் வேலைக்காக இங்கே வந்து ஓரிரு வருடம் ஆன தம்பிகள். கிரிக்கெட்டில் ஊறியவர்கள், அமெரிக்க ஃபுட்பாலை இப்போதுதான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் ஓர் இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பந்தை நழுவவிட்டதும் ஒரு தம்பி ஃபோனை எடுத்துக் கணக்கைப் படித்தார். "இத்தனை ஃபம்பிள்ணே, இவன் தேறமாட்டான்." பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அதுல பாதிய நம்மாளுங்களே எடுத்துட்டாங்க, அப்புறம் என்ன பிரச்சினை?" அடுத்த அரைமணி நேரம் டிவியை யாரும் பார்க்கவில்லை.

அந்தக் குவார்ட்டர்பேக்கின் பெயர் இங்கே முக்கியமில்லை. வருடத்துக்கு ஒருவர் அந்த இடத்தில் வந்து நிற்கிறார். ஆனால் அந்த இரண்டு தம்பிகள் சொன்னதையும் 2019-ல் நானே சொல்லியிருக்கிறேன். அப்போது டேனியல் ஜோன்ஸ் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குப் புதிதாக வந்திருந்தார். அதற்குப் பிறகு நான்கு வருடம் எங்கள் ஊர்ச் சிறுவர் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். மைதானத்தில் பந்துக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் சோபாவில் உட்கார்ந்து பேசியதில் எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு, ஃபம்பிளுக்கும் பிடிபடாத பாஸுக்கும் என்ன வித்தியாசம், இதெல்லாம் நாலு ஆட்டம் பார்த்தால் தானாகப் பிடிபட்டுவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

கை சின்னது என்று காரணம் சொல்வது

குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் கை அளவு 9 அங்குலம்தான், சின்னக் கை. இருந்தும் சின்சினாட்டி அணியை 2022 பிப்ரவரி சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார்.

விழுந்த பந்தை யார் எடுத்தார் என்று பார்ப்பது

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வரவழைக்கும் தவறு இதுதான். ஆட்டக் கணக்கில் ஃபம்பிளுக்கு இரண்டு எண் இருக்கும். பந்து எத்தனை முறை கையை விட்டுப் போனது என்பது ஒன்று. அதில் எத்தனை எதிரணியிடம் போய்ச் சேர்ந்தது என்பது இன்னொன்று. எல்லோருடைய கண்ணும் இரண்டாவதில்தான் நிற்கும். கிரிக்கெட் ஸ்கோர்கார்டில் விழுந்த விக்கெட்டை எண்ணிப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்வது முதல் எண். இரண்டாவது எண்ணில் பாதிக்கு மேல் பந்தின் குணம்தான் இருக்கிறது.

அந்தப் பந்தை ஒருமுறை கையில் வாங்கித் தரையில் போட்டுப் பாருங்கள். 11 அங்குல நீளம், இரண்டு முனையும் கூர். முனை தரையில் பட்டால் இடுப்பு உயரத்துக்கு எகிறும், நடுப்பகுதி பட்டால் அங்கேயே கிடந்து புரளும். எந்தப் பக்கம் போகும் என்று போட்டவருக்கே தெரியாது. அதன்மேல்தான் முந்நூறு பவுண்டு ஆட்கள் பாய்கிறார்கள். பல வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. பத்து முறை நழுவவிட்டு இரண்டை மட்டும் இழந்தவர் பந்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சொல்லவே முடியாது. அடுத்த வருடம் அதே பத்தில் ஏழு போகலாம். அவர் எதையும் மாற்றியிருக்க மாட்டார். நாம் மட்டும் "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்போம்.

ஜோன்ஸ் முதல் வருடம் ஆடியது 13 ஆட்டங்கள். பந்து நழுவியது 18 முறை, எதிரணியிடம் போனது 11. அவர் முதலில் தொடங்கிய ஆட்டம் 2019 செப்டம்பர் 22, டாம்பாவில். இடைவேளையில் 18 புள்ளி பின்தங்கியிருந்த அணி 32-31 என்று ஜெயித்தது. வெற்றிக்கான டச்டவுனை அவரே ஓடி எடுத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தீபாவளிதான். அதே ஆட்டத்தில் அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார்களே என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம், அதனால் அது நடக்காத மாதிரியே ஆகிவிட்டது.

இதே புத்தியோடுதான் சிறுவர் அணிக்குப் போனேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன் குவார்ட்டர்பேக். நல்ல தோள், கூர்மையான பார்வை. அவனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. முதல் மூன்று ஆட்டத்தில் ஐந்து முறை அவன் கையிலிருந்து பந்து விழுந்தது. ஐந்து முறையும் எங்கள் பையன்களே விழுந்து அமுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் கைதட்டினேன். "பரவாயில்ல, பந்து நம்மகிட்டதான் இருக்கு" என்றேன். அவன் எப்படிப் பிடித்திருந்தான் என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

நான்காவது ஆட்டத்தில் இரண்டு முறை விழுந்தது. இரண்டும் போயின. ஆட்டமும் போனது. முடிந்த பிறகு அவன் அப்பாவின் காரில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். நான் கிட்டே போனதும், போன வாரமும் இப்படித்தானே பிடித்தேன் என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது உண்மை. போன வாரமும் அப்படித்தான் பிடித்தான், அதற்கு நான் கைதட்டினேன். அடுத்த சீசனுக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்த ஹெல்மெட் கண்ணை விட்டுப் போகவில்லை.

இனி ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததும், எல்லோரும் பந்து போகப்போகும் திசையைப் பார்ப்பார்கள். நீங்கள் குவார்ட்டர்பேக்கின் இடது கையை மட்டும் பாருங்கள். வலது கையால் எறிபவருக்கு அந்த இடது கைதான் பூட்டு. எறியும் கணம் வரைக்கும் அது பந்தின் மேல் இருக்க வேண்டும், பந்து நெஞ்சை ஒட்டி இருக்க வேண்டும். நெருக்கடி வந்ததும் இளம் ஆட்டக்காரர் என்ன செய்வார்? கால் நகரும். அதோடு சேர்ந்து இடது கை விலகும். பந்து பால் பாக்கெட் மாதிரி ஒற்றைக் கையில் இடுப்புப் பக்கம் இறங்கிவிடும். பின்னாலிருந்து வருபவர் அப்போது உடம்பைத் தேடி வருவதில்லை. மரம் வெட்டுகிற மாதிரி அந்த முன்கையின் மேல் ஓங்கி ஒரு வெட்டு. முடிந்தது.

இடது கை விலகியது, ஆனால் யாரும் தட்டவில்லை, பாஸ் போய் டச்டவுனும் ஆனது என்று வையுங்கள். அதையும் நான் தவறு என்றுதான் எழுதி வைப்பேன். கணக்கில் அது வராது. ஒரு நல்ல பயிற்சியாளர் திங்கட்கிழமை வீடியோவை நிறுத்திக் காட்டுவது அந்த இடத்தைத்தான்.

எல்லா நழுவலையும் ஒரே கூடையில் போடுவது

ஸ்நாப் வாங்கும்போதே தவறிய பந்து, ஓடுபவரிடம் கொடுக்கும்போது இருவர் கைக்கும் நடுவில் விழுந்த பந்து, பாக்கெட்டுக்குள் (தன் ஆட்கள் தடுத்துக் காக்கும் இடத்தில்) தட்டிவிடப்பட்ட பந்து, குவார்ட்டர்பேக்கே ஓடும்போது பிடுங்கப்பட்ட பந்து. நான்கும் வேறு நோய்கள். முதல் இரண்டில் ஸ்நாப் கொடுக்கும் சென்டருக்கும் ஓடுபவருக்கும் பங்கு உண்டு.

மூன்றாவதில்தான் வாக்குவாதம் முற்றும். இடப்பக்கம் காக்கும் லெஃப்ட் டாக்கிள் ஒரே அடியில் தோற்று, இரண்டு விநாடிக்குள் முதுகுப்பக்கம் ஆள் வந்துவிட்டால் எறிபவர் அதைப் பார்க்கவே வழியில்லை. அதற்கு அவரைத் திட்டுவது அநியாயம். இரண்டரை, மூன்று விநாடிக்குள் போக வேண்டிய பந்தை நான்கு விநாடி வைத்துக்கொண்டு நின்றால் அது அவர் கணக்கு. முன்னால் தடுக்கும் லைன் சரியில்லை என்று அங்கே சாக்குச் சொல்லக் கூடாது. சண்டையைத் தொடங்குவதற்கு முன் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், போதும்.

பந்தை அதிகம் நழுவவிடுபவர் உதவாக்கரை என்ற முடிவுக்கும் தாவ வேண்டாம். ஒரே சீசனில் அதிக ஃபம்பிள் என்றால் 23. அந்த எண் இரண்டு பேருடையது: 2001-ல் கெர்ரி காலின்ஸ், 2002-ல் டான்டே கல்பெப்பர். காலின்ஸ் அதற்கு முந்தைய சீசனில்தான் ஜயன்ட்ஸைச் சூப்பர் பவுலுக்குக் கூட்டிப்போனவர். கல்பெப்பர் 2004-ல் 39 டச்டவுன் எறிந்தார்.

இன்டர்செப்ஷன் குறைந்தால் பந்து பத்திரம் என்று நம்புவது

திட்டு வாங்கிய இளம் குவார்ட்டர்பேக் முதலில் கற்றுக்கொள்வது பயத்தை. சந்தேகம் இருந்தால் எறியமாட்டார். இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது, குறையும், நாமும் முன்னேற்றம் என்று மகிழ்வோம். ஆனால் எறியாத பந்து எங்கே போகிறது? அவர் கையிலேயே இருக்கிறது. இருக்க இருக்க அடி விழும், அடி விழ விழ நழுவும். ஒரு ஓட்டையை அடைத்து இன்னொன்றைப் பெரிதாக்கிய கதை. அதனால் இன்டர்செப்ஷனையும் ‘சாக்’கையும் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) ஃபம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பேட்டன் மானிங் 1998-ல் முதல் வருடத்திலேயே 28 இன்டர்செப்ஷன் கொடுத்தார். புதுமுக ஆட்டக்காரர்களில் அதைத் தாண்டியவர் இன்றுவரை இல்லை. அணி 3 வெற்றி, 13 தோல்வி. இருந்தும் அவரை எறிய விட்டார்கள், தப்பாக எறிந்தே படித்தார். அடுத்த வருடம் 13 வெற்றி, 3 தோல்வி.

முதல் வருடத்தோடு தீர்ப்பு எழுதுவது

குவார்ட்டர்பேக் ட்ராய் எய்க்மனின் முதல் வருடம், 1989. தொடங்கிய 11 ஆட்டமும் தோல்வி. பிறகு மூன்று சூப்பர் பவுல் வெற்றி.

"ஜோஷ் ஆலனும் இப்படித்தான் இருந்தார்" என்று சொல்லி வாயை அடைப்பது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் தவறு. பஃபலோவின் ஜோஷ் ஆலன் 2018-ல் எறிந்த பாஸ்களில் 52.8 சதவீதம்தான் பிடிபட்டன. 2020 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் 16-0 என்று முன்னிலையில் இருந்த அணி 22-19 என்று தோற்றது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஓடிக்கொண்டிருந்த ஆலன் தன்னைப் பிடிக்க வந்தவர்களுக்கு நடுவிலிருந்து பந்தைப் பக்கவாட்டில் வீசியெறிந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டேன். அதே ஆலன் 2020 சீசனில் 69.2 சதவீதம், 2024-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது.

அழகான கதைதான். ஆனால் நடுவில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது. எறியும் முறையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பக் கட்டினார். 2020-ல் பாஸ் பிடிக்கும் ஆட்டக்காரர் ஸ்டெஃபான் டிக்ஸ் அணிக்கு வந்தார். இதில் எதுவும் இல்லாமல் "பொறுங்க, ஆலன் மாதிரி வருவான்" என்பது வெறும் ஆசை. ஜோன்ஸையும் பாருங்கள். 2022-ல் சீசன் முழுக்க 5 இன்டர்செப்ஷன்தான், மின்னசோட்டாவை அவர்கள் ஊரிலேயே வைத்துப் பிளேஆஃபில் ஜெயித்தார். 2023 மார்ச்சில் நான்கு வருடத்துக்கு 160 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2024 நவம்பரில் அதே அணி அவரை விடுவித்தது. நம்பியவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் ஆதாரம் சமமாகவே கிடைத்தது. தம்பிகளே, ஒரு பெயரைச் சொல்லி விவாதத்தை முடிக்காதீர்கள்.

அடுத்த ஆட்டத்திலேயே திருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது

பந்தைப் பிடிக்கிற முறை சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறியது. திட்டினாலோ பெஞ்சில் உட்காரவைத்தாலோ ஒரே வாரத்தில் மாறாது. ஜயன்ட்ஸில் டிக்கி பார்பர் என்று ஓடும் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். 2003-ல் 9 முறை பந்தை நழுவவிட்டார். 2004-ல் டாம் காஃப்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ஏறக்குறைய முப்பது வயது ஆளுக்குப் பந்தைப் பிடிக்க முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். பந்து மார்புக்கு மேலே ஏற வேண்டும். முனையை விரல்கள் மூட வேண்டும். முன்கையும் மேற்கையும் நெஞ்சும் சேர்ந்து அணைக்க வேண்டும். அந்த வருடம் 5. 2005-ல் 1,860 யார்டு ஓடினார், நழுவியது ஒரே ஒரு முறை. இதற்கு முழுசாக இரண்டு சீசன் ஆனது. அன்று எங்கள் ஹாலில் தேறமாட்டான் என்று சொல்லப்பட்டவருக்கு அது ஆறாவது ஆட்டம்.