ஹைபிரிட் கார் நமக்குக் கட்டுப்படியாகுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"அண்ணா, லிட்டருக்கு 28 கிலோமீட்டர் ஓடுமாம். புக் பண்ணிடவா?" என்று சென்னை மேடவாக்கத்திலிருந்து என் தங்கை போன் செய்தாள். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதல் முறையாக ஹைபிரிட் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே வரிசையாகத் தருகிறேன். ஷோரூமுக்குப் போன பிறகு போடாதீர்கள், போகும் முன்பே போட்டுவிடுங்கள்.

படி 1: எந்த ஹைபிரிட் என்று கேளுங்கள்

பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்த கார்தான் ஹைபிரிட். அதில் இரண்டு வகைகள் இருக்கின்றன. மைல்ட் ஹைபிரிட்டில் ஒரு சிறிய மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அந்த மோட்டாரால் மட்டும் கார் நகராது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கார் சில நேரம் முழுக்க மோட்டாரில் ஓடும், இன்ஜின் அணைந்தே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடும். அதனால் வீட்டில் சார்ஜ் போட வேண்டியதில்லை. 1997 டிசம்பரில் டொயோட்டா ஜப்பானில் பிரியஸை விற்க ஆரம்பித்த நாளிலிருந்து அடிப்படை இதுதான்.

விளம்பரத்தில் இரண்டையும் வெறும் 'ஹைபிரிட்' என்றே சொல்வார்கள். மாருதி கிராண்ட் விட்டாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காரில் இரண்டு வகையும் உண்டு. அறிவிக்கப்பட்ட மைலேஜ் மைல்ட் ஹைபிரிட் ஆட்டோமேட்டிக்கில் 20.58, ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் 27.97. தங்கை சொன்ன 28 இதுதான். இங்கே நாம் கணக்குப் போடப்போவது ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு.

படி 2: கூடுதலாக எவ்வளவு கொடுக்கிறோம்?

காரின் முழு விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே காரின் சாதாரண ஆட்டோமேட்டிக் மாடலைவிட எவ்வளவு அதிகம் என்பது மட்டும்தான் கணக்கில் வரும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கிளட்ச் கிடையாது, ஆகவே ஆட்டோமேட்டிக்கோடுதான் ஒப்பிட வேண்டும். மேனுவல் போதும் என்பவருக்கு வித்தியாசம் இன்னும் பெரிதாகிவிடும்.

2022 செப்டம்பரில் கிராண்ட் விட்டாரா வந்தபோது அதன் உயர் மாடலான ஆல்ஃபா மேனுவலின் ஷோரூம் விலை 15.39 லட்சம், ஆல்ஃபா ஆட்டோமேட்டிக் 16.89 லட்சம், ஆல்ஃபா பிளஸ் ஸ்ட்ராங் ஹைபிரிட் 19.49 லட்சம். அதற்கப்புறம் விலைகள் மாறிவிட்டன, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறிவிட்டது. கணக்குப் போடும் முறையைக் காட்ட இந்த விலையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் இன்றைய கொட்டேஷனில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக்குக்கும் ஹைபிரிட்டுக்கும் வித்தியாசம் 2.60 லட்சம். அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம். 2.60 லட்சத்துக்கு 46,800 ரூபாய் ஆகிறது. இன்சூரன்ஸும் கொஞ்சம் ஏறும். மொத்தம் 3,10,000 என்று எழுதிக்கொண்டோம்.

இங்கே ஒரு இடத்தில் உஷாராக இருங்கள். 20 லட்சத்தைத் தாண்டினால் வரி 20 சதவீதம். 19.90 லட்சம் என்றால் வரி சுமார் 3.58 லட்சம். 20.10 லட்சம் என்றால் 4.02 லட்சம். இருபதாயிரம் ரூபாய் விலை ஏற்றத்துக்கு நாற்பத்து நான்காயிரம் வரி ஏறுகிறது! உயர் மாடல் ஹைபிரிட்கள் இந்தக் கோட்டுக்கு அருகில்தான் நிற்கின்றன. மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைபிரிட்டுக்கு 40 சதவீதம். மின்சார கார் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்து, ஹைபிரிட்டுக்கும் சலுகை இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

படி 3: உண்மையான மைலேஜைப் பிடியுங்கள்

27.97 என்பது ஆய்வுக்கூடத்தில், உருளைகள்மேல் காரை ஓட்டி அளந்த எண். துரைப்பாக்கம் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நின்றபோது அளந்ததில்லை.

முதலில் உங்கள் இப்போதைய கார் எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள். பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை, அதாவது பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். முந்நூறு கிலோமீட்டராவது ஓடியதும் அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உங்கள் மைலேஜ். ஊழியர் ரவுண்டாக்குவதற்காக மேலே கொஞ்சம் ஊற்றப் பார்ப்பார், "ஆட்டோ கட்டோடு போதும்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால்தான் நம்பக்கூடிய எண் கிடைக்கும்.

ஹைபிரிட்டுக்கு, உங்கள் பாதையிலேயே ஓட்டுகிற யாரையாவது பிடித்துக் கேளுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள் இவை: நகர நெரிசலில் சாதாரண ஆட்டோமேட்டிக் 12, ஹைபிரிட் 20. நெடுஞ்சாலையில் ஆட்டோமேட்டிக் 16, ஹைபிரிட் அதே 20. நெடுஞ்சாலையில் இன்ஜின் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பிரேக் பிடித்து மின்சாரம் சேர்க்கவும் வாய்ப்பு குறைவு. நின்று நின்று போகிற இடத்தில்தான் ஹைபிரிட் சம்பாதிக்கும்.

படி 4: வகுத்துப் பாருங்கள்

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் கிலோமீட்டருக்கு ஆட்டோமேட்டிக் 8.33 ரூபாய் குடிக்கிறது, ஹைபிரிட் 5 ரூபாய். மிச்சம் 3.33. நெடுஞ்சாலையில் 6.25-க்கு எதிராக 5, மிச்சம் 1.25 மட்டும்.

தங்கை தினமும் மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் போய் வருகிறாள். கடை, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து மாதம் 1,100 கிலோமீட்டர், முழுக்க நெரிசல். மாதம் மிச்சம் 3,663 ரூபாய். 3,10,000-ஐ அதால் வகுத்தால் சுமார் 85 மாதம், அதாவது ஏழு வருடம்.

திண்டுக்கல்லில் என் நண்பர் ஒருவர் தொழில் விஷயமாகத் திருச்சி, கோவை என்று மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். இவருக்குத்தான் ஹைபிரிட் சரிப்படும் என்று நானே நினைத்திருந்தேன். போட்டுப் பார்த்தால் மாதம் மிச்சம் 3,125 ரூபாய்தான். தங்கையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓடியும், போட்ட பணம் திரும்ப எட்டு வருடத்துக்கு மேலாகிறது. அதே 2,500 கிலோமீட்டரைச் சென்னைக்குள் ஓட்டுகிறவருக்கு மூன்று வருடத்தில் வந்துவிடும்! எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதோடு எங்கே ஓட்டுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

படி 5: கடன் வாங்கினால்

கூடுதல் 3.10 லட்சத்தையும் கடனில் போட்டால், 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 76,000 ரூபாய். அதற்கான மாதத் தவணை 6,435. தங்கைக்கு பெட்ரோலில் மிச்சம் 3,663. ஏழு வருடம் ஒன்பதை நெருங்கிவிடுகிறது. முடிந்தவரை இந்தக் கூடுதல் தொகையைக் கையிலிருந்து போடுங்கள். மாதம் 400, 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற வீட்டில் மிச்சத்துக்காக ஹைபிரிட் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணம் வேறு எதற்காவது உதவும்.

படி 6: தாளில் வராதவை

பேட்டரி போய்விட்டால்? எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். மாருதியும் டொயோட்டாவும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. மின்சார காரின் பேட்டரி போலப் பெரியதும் இல்லை, கிராண்ட் விட்டாராவில் ஒரு யூனிட்டுக்கும் குறைவாக மின்சாரம் பிடிக்கிற அளவுதான். ஆனால் டிக்கியைத் திறந்து பாருங்கள். பேட்டரி அங்கே இடத்தைத் தின்றிருக்கும். ஊருக்குப் போகும்போது உங்கள் பெட்டிகள் அடங்குமா என்று, கொண்டுபோயே வைத்துப் பாருங்கள்.

டொயோட்டா ஹைபிரிட்கள் பலவற்றில் பேட்டரியைக் குளிரவைக்கக் காற்று இழுக்கும் துவாரம் பின் சீட்டுப் பக்கம் இருக்கும். பை, துண்டு வைத்து அதை அடைத்துவிடக் கூடாது. சர்வீஸில் அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சென்னைக்காரர்கள் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, தண்ணீர் புகுந்தால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பணம் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளத்தில் நின்ற காரின் ஆரஞ்சு நிற ஒயர்களை நீங்களும் தொடாதீர்கள், பக்கத்து மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள். அதில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம்.

படி 7: டெஸ்ட் டிரைவை உங்கள் நேரத்தில் கேளுங்கள்

காலை 11 மணிக்குக் காலியான ரோட்டில் ஓட்டினால் எதுவும் தெரியாது. தங்கை சாயங்காலம் ஆறரைக்கு வரச்சொல்லி, பள்ளிக்கரணை வழியாக முக்கால் மணி நேரம் ஓட்டினாள். ஏறியதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினோம். சிக்னலில் இன்ஜின் அணைந்து, ஏசி மட்டும் ஓடியது. முன்னால் இருந்த பஸ் நகர்ந்ததும் கார் சத்தமே இல்லாமல் ஊர்ந்தது. "கால் வலிக்கவே இல்லண்ணா" என்றாள்.

இறங்கும்போது திரையில் 22 காட்டியது. திரை கொஞ்சம் கூடுதலாகவே காட்டும் என்பதால், வீட்டுக்கு வந்து தாளில் 20 இருந்த இடத்தில் 21 என்று திருத்தி மறுபடி வகுத்தோம். ஏழு வருடம் ஆறரையாகக் குறைந்தது. ஒரு காரைப் பத்து வருடம் வைத்திருப்பவள் அவள். கூடுதல் பணத்தைக் கடனில்லாமல் சேர்க்க இன்னும் நான்கு மாதம் காத்திருந்து, அப்புறம் புக் செய்தாள்.