மடிக்கணினி அளவுக்கு மீறிச் சூடாகிறதா? கழற்றுவதற்கு முன் காற்றைக் கவனியுங்கள்

மடிக்கணினி சூடாவது தன்னளவில் கோளாறு அன்று. வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலை நடக்கும்போது பிராசஸரின் வெப்பநிலை 80, 90 டிகிரி செல்சியஸ் வரை போவது பல மாடல்களில் இயல்பு. 100 டிகிரியை ஒட்டிய வரம்பை எட்டினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். பிரவுசரில் ஓரிரு பக்கங்கள் மட்டுமே திறந்திருக்கும்போது விசிறி ஓயாமல் இரைவதும், வேலைக்கு நடுவே கணினி அணைந்துபோவதும்தான் கவனிக்கப்பட வேண்டிய அறிகுறிகள்.

எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பார்த்துவிடுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி பிதுங்கி, சமமான மேஜையில் வைத்தும் கணினி ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, நேரே சர்வீஸ் மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றக்கூடும் என்பதால், கீழே சொல்லப்படும் எதையும் அந்தக் கணினியில் முயலக் கூடாது.

அடுத்தது கணினி இருக்கும் இடம். பெரும்பாலான மாடல்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சி, பின்புறமாகவோ பக்கவாட்டிலோ வெளியேற்றுகின்றன. மெத்தையும் போர்வையும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். அறையின் வெப்பமும் கணக்கில் சேரும். ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது; கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். அதற்காகக் கணினியை ஃபிரிட்ஜில் வைப்பதோ ஈரத்துணியால் போர்த்துவதோ கூடாது. உள்ளே நீர் கோத்துக்கொண்டால் மதர்போர்டே பழுதாகிவிடும்.

பிறகு மென்பொருள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால், பிராசஸரை அதிகம் பயன்படுத்தும் நிரல் மேலே வந்து நிற்கும். அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை பொறுத்திருக்கலாம். பெயர் தெரியாத நிரலோ பிரவுசர் எக்ஸ்டென்ஷனோ எப்போதும் மேலேயே இருந்தால் அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

இவற்றால் பலனில்லை என்றால்தான் கோளாறு உள்ளே இருக்கிறது. அது எங்கே என்பதைக் கணினியைத் திறக்காமலே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்தபடி, காற்று வெளியேறும் துளையருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். விசிறி இரைந்தும் காற்று மெலிதாகவே வந்தால், விசிறிக்கு அருகே வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய செப்புத் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறது. சூடு ஏறியும் விசிறிச் சத்தமே கேட்கவில்லை என்றால் விசிறி பழுதாகியிருக்கலாம். திரையில் 95 டிகிரி காட்டும்போது காற்று நன்றாக வந்தும் அதில் சூடே இல்லை என்றால், பிராசஸரின் வெப்பம், அதை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்கைச் சென்றடையவில்லை. இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். காற்று பலமாகவும் சூடாகவும் வந்தால் குளிரூட்டும் அமைப்பு சரியாகவே உழைக்கிறது, சுமைதான் அதிகம். கணினிக்கு அடியில் வைக்கும் விசிறித் தட்டான கூலிங் பேட் வாங்குவது குறித்து இந்தச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்வது நல்லது. உள்ளே அடைப்பு இருக்கும்போது அந்தச் செலவு பெரும்பாலும் வீண்.

தூசி அடைப்பை வீட்டிலேயே நீக்கலாம். வாரண்டி இருந்தால் அதன் நிபந்தனைகளை முதலில் படித்துவிடுங்கள். கணினியை முழுமையாக அணைத்துச் சார்ஜரைப் பிடுங்கிய பின், அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். அவை ஒரே நீளத்தில் இருப்பதில்லை. இடம் மாற்றி நீளமான ஒன்றை முடுக்கினால் மறுபக்கத்தைத் துளைத்துவிடும். ஆகவே அட்டையில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதற்குரிய இடத்தில் குத்தி வையுங்கள். மூடியைப் பழைய ஏடிஎம் கார்டால் ஓரமாக நெம்பித் திறந்து, முதல் வேலையாகப் பேட்டரியின் கனெக்டரைப் பிரித்துவிடுங்கள். விசிறியைத் தூக்கினால், அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசியும் முடியும் துணி இழையும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் படிந்திருப்பது தெரியும். வெளித்துளை வழியாக ஊதினால் இந்தப் படலம் இன்னும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அதை இடுக்கியால் உரித்தெடுத்து, மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷாலோ கேமரா லென்ஸுக்கான ஊதுகுமிழாலோ அகற்றுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் கெடும். வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்புகளைப் பாழாக்கக்கூடும்.

தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது சற்றுக் கைப்பழக்கம் கேட்கும் வேலை. ஹீட் சிங்கின் ஸ்க்ரூக்களைப் பக்கத்தில் பொறித்துள்ள எண் வரிசையின் எதிர்த்திசையில் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, சிப்பின் முகம் முழுவதும் மெல்லியதாகப் படியும் அளவுக்கே புதியதை இட வேண்டும். கை நடுங்குபவர்கள் இதைக் கடையில் செய்துகொள்வதே உசிதம்.

சுமைதான் காரணம் என்று தெரிந்தால் திறக்கவே வேண்டாம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட் என்பதை 100-இலிருந்து 99 விழுக்காடாக மாற்றினால், பல கணினிகளில் பிராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகம் நின்று, சூடு கணிசமாகக் குறையும். சில புதிய மாடல்களில் இந்தத் தேர்வு மறைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பவர் மோடை பேட்டரிச் சேமிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் ஒரே அறையில், ஒரே வீடியோவைச் சிறிது நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். தூசி நீக்கி, பேஸ்ட் மாற்றிய பிறகும் எண் இறங்கவில்லை என்றால், வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொண்டுசெல்லும் குழாயான ஹீட் பைப் பழுதாகியிருக்கிறதா, ஹீட் சிங்க் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்படி சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். நீங்கள் குறித்து வைத்த எண்களையும் அங்கே காட்டுங்கள்.