பெரியப்பா விட்டுட்டுப் போன ஓபன் ஹெரால்டு: எந்த வேலைய முதல்ல எடுக்கணும்

பெரியப்பா தவறினதுக்கு அப்பறம் மந்தைவெளி வீட்டு ஷெட்டுல 11 வருஷமா நின்ன இடத்துலயே நின்னுட்டு இருந்த 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கிட்ட வந்துச்சு. மடக்கற ஹூடு வச்ச ஓபன் கார். பெரியம்மா சாவிய கையில குடுத்து "வித்துடாதப்பா, ஓட்டு"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. ரோட்டுக்கு வர மூணு வருஷம் ஆச்சு, அதுல ஒரு வருஷம் சுத்தமா வேலைய தப்பான வரிசைல எடுத்ததால போன வருஷம். உங்க வீட்லயும் தாத்தாவோ மாமாவோ இப்படி ஒரு வண்டிய விட்டுட்டுப் போயிருந்தா அந்த ஒரு வருஷம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் எழுதறேன். வரிசை இதான்: பேப்பர், பிரேக், எஞ்சின், துரு, ஹூடு, கடைசியா பெயிண்ட். ஆசை நேர் எதிரா இழுக்கும், எல்லாருக்கும் முதல்ல பெயிண்ட் அடிச்சுப் பாக்கணும்னுதான் தோணும்.

முதல்ல கார பத்தி கொஞ்சம், ஏன்னா இது தெரிஞ்சா பாதி பயம் போயிடும். ஹெரால்டு 1959ல இங்கிலாந்துல ட்ரயம்ஃப் பேர்ல வந்துச்சு, டிசைன் பண்ணது இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி. 1961ல இருந்து நம்ம ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி மெட்ராஸ்லயே பண்ணாங்க, அதனால இது நம்ம ஊர் கார். அந்தக் காலத்துல நிறைய கார்ங்க பாடியும் அடிச்சட்டமும் ஒண்ணா வெல்ட் ஆகி வர ஆரம்பிச்சப்ப ஹெரால்டுக்கு மட்டும் தனி சேசிஸ், அது மேல பாடிய பீஸ் பீஸா போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. ரூஃப் கூட போல்ட்தான். அதனால இங்க சுத்தற ஓபன் ஹெரால்டுல பல வண்டி சலூனா, அதாவது ரூஃப் மூடின காரா வந்து அப்பறம் ரூஃப் கழட்டினதா இருக்கும், உங்க ஆர்சி புக்குல பாடி டைப் என்ன போட்டிருக்குன்னு முதல் நாளே பாத்துடுங்க. பானெட் ஃபெண்டரோட சேந்து மொத்தமா முன்னாடி சாயும், முன் டயர் மேல உக்காந்துட்டே எஞ்சின் வேலை செய்யலாம், இந்த வசதி இன்னைக்கு எந்த கார்லயும் கிடையாது.

பேப்பர். ஓனர் இறந்துட்டா 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு எழுத்து மூலமா தெரிவிக்கணும், மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31 போட்டு பேர் மாத்த அப்ளை பண்ணணும். டெத் சர்டிபிகேட், வாரிசு சான்றிதழ் ரெண்டும் வேணும். வாரிசு சான்றிதழ்ல இருக்கற மத்தவங்க எல்லார்கிட்டயும் எங்களுக்கு ஆட்சேபனை இல்லன்னு எழுதி வாங்கிக்கங்க, இத குடும்பத்துல எல்லாரும் சுமுகமா இருக்கறப்பவே வாங்கிடணும், கார் பளபளன்னு ரெடியானதுக்கு அப்பறம் போய் கேட்டா பேச்சு வேற மாதிரி போகும். எம்எஸ்ல ஆரம்பிக்கற பழைய நம்பரா இருந்தா கம்ப்யூட்டர்ல வண்டியே இருக்காது, பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய ரெக்கார்ட கம்ப்யூட்டர்ல ஏத்தறது, போடச் சொல்லி கேக்கணும், எனக்கு அதுக்கே நாலஞ்சு நடை ஆச்சு, ஒரிஜினல் ஆர்சி புக்க பெரியம்மா பீரோல பத்திரமா வச்சிருந்ததாலதான் முடிஞ்சுது.

2021ல வந்த விண்டேஜ் ரூல் பத்தியும் தெரிஞ்சுக்கங்க. 50 வருஷத்துக்கு மேல ஆன, பெருசா மாத்தாத வண்டிய விண்டேஜா ரிஜிஸ்டர் பண்ணலாம், பழைய நம்பர் இருந்தா அதையே வச்சுக்கலாம், பத்து வருஷம் செல்லும், ஆனா தினம் ஆபீஸ் போய்ட்டு வர ஓட்டக்கூடாது. இதுல முக்கியமான வார்த்தை "மாத்தாத". சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருந்தா விண்டேஜ்ல வராது. "இந்த 948 சிசி எதுக்கு சார், மாருதி எஞ்சின் வச்சிடலாம், ஏசியே போடலாம்"னு சொல்ற மெக்கானிக் உங்களுக்கும் கிடைப்பாரு, நல்ல எண்ணத்துலதான் சொல்லுவாரு, தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. அந்த எஞ்சின் சத்தம்தான் அந்த கார்.

அடுத்தது பிரேக்கு. ஷெட்ட திறந்தவுடனே எங்க மெக்கானிக் அண்ணன் "ஒரு பேட்டரி போட்டு செல்ஃப் அடிச்சுப் பாத்துடலாமா"ன்னு கேட்டாரு, நானும் சரின்னேன், அது ஸ்டார்ட் ஆகாதது நல்லதாப் போச்சு, ஏன்னா பெடல்ல கால் வச்சா நேரா தரைக்குப் போச்சு. நாலு வீல்லயும் டிரம்தான், ஒரே ஹைட்ராலிக் லைன், எங்கயாவது ஒரு இடத்துல லீக்னா நாலு வீலும் போச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், பல வருஷம் நின்ன வண்டில வீல் சிலிண்டர் உள்ள துருப்பிடிச்சு பள்ளம் விழுந்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், எல்லாத்தையும் கழட்டுங்க. உள்ள வழவழன்னு இருந்தா மட்டும் ரப்பர் கிட் மாத்தினா போதும், விரல் வச்சா சொரசொரன்னு இருந்தா லேத்துல குடுத்து உள்ள புதுசா ஒரு குழாய், அதாவது ஸ்லீவ் போடணும். ஸ்டீல் பைப்ப புதுசாவே போட்டுடுங்க, அதுல காசு மிச்சம் பிடிக்க வேணாம். டயர்ல பட்டன் எவ்ளோ இருக்குன்னு பாக்கறத விட பக்கவாட்டுல அச்சடிச்ச நாலு நம்பர பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்களோடது பாக்க புதுசு மாதிரி இருந்துச்சு, ஆனா ரப்பர் கல்லாயிருந்துச்சு. பழைய 5.20-13 சைஸுக்கு இப்ப 145/80 ஆர்13 போட்டுக்கலாம்.

பிரேக் வேலையோட சேத்தே முன் சஸ்பென்ஷன பாத்துடுங்க, ஹெரால்டு வச்சிருக்கறவங்க உயிர் போற விஷயம் இது. முன் வீல தாங்கற நேர்குத்தான கம்பிதான் வெர்ட்டிகல் லிங்க், அதோட கீழ்ப்பக்கம் பித்தளைல ஒரு ட்ரன்னியன் இருக்கும், ஸ்டியரிங் திருப்பறப்ப அதுக்குள்ளதான் லிங்க்கோட மரை சுத்தும். அதுக்கு போட வேண்டியது ஈபி 90 கியர் ஆயில், கிரீஸ் கிடையாது. நிப்பிள் இருக்கறத பாத்தவுடனே எல்லாரும் கிரீஸ் கன்ன வச்சு அடிச்சுடறாங்க, கிரீஸ் உள்ள போய் கட்டியாகி நிக்கும், மரை வரண்டு துருப்பிடிக்கும், ஒருநாள் திரும்பறப்ப லிங்க் முறிஞ்சு வீல் மடங்கிடும். எங்களோடதுல சுத்தியும் காஞ்ச கிரீஸ்தான் இருந்துச்சு, லிங்க் மரைல துரு தின்ன அடையாளம் நல்லாவே தெரிஞ்சுது, ரெண்டு பக்கமும் மாத்திட்டோம். இப்ப ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நானே ஆயில் போடறேன்.

இப்பதான் எஞ்சின். நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு மூணு ஸ்பூன் ஆயில் ஊத்திட்டு மூணு நாள் விட்டுடுங்க. அப்பறம் டாப் கியர்ல போட்டு வண்டிய மெதுவா தள்ளினா எஞ்சின் சுத்தணும். சுத்தலன்னா மறுபடி ஆயில் ஊத்தி பொறுமையா இருங்க, செல்ஃப் அடிச்சு முரட்டுத்தனமா சுத்த வேணாம். பழைய ஆயில இறக்கிட்டு 20டபிள்யூ-50 ஊத்தி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடிச்சு ஆயில் லைட் அணையற வரைக்கும் சுத்தணும். பேட்டரி மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு: அந்தக் கால வண்டிங்க பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியோட பிளஸ் பக்கம் பாடில மாட்டினதா) இருக்கலாம், எந்த ஒயர் பாடிக்குப் போகுதுன்னு பாத்துட்டு மாட்டுங்க.

பெட்ரோல் டேங்க இறக்கிடணும், அடில பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும், அத விட்டுட்டு கார்புரேட்டர மட்டும் சுத்தம் பண்ணா வாரத்துக்கு ஒரு தடவ நடுரோட்ல நிப்பீங்க. இப்ப பங்க்ல வர பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் ஹோஸயும் பம்ப் டயஃப்ரமயும் அது தின்னுடும், அதனால எத்தனால் தாங்கற ஹோஸ் கேட்டு வாங்கி முழுசா மாத்திடுங்க, சூடான எஞ்சின் மேல பெட்ரோல் சொட்டறது விளையாட்டு இல்ல. வண்டில ஒரு சின்ன ஃபயர் எக்ஸ்டிங்குஷரும் இருக்கட்டும். செட்டிங் எல்லாம் சிம்பிள்தான், பாயிண்ட் கேப் 15 தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), பிளக் கேப் 25 தவ், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரேடியேட்டர கடைல குடுத்து உள்ள ராட் விட்டு அடைப்பு எடுக்கச் சொல்லுங்க. சூடாகுதுன்னு சொல்லி தெர்மோஸ்டாட்ட கழட்டிப் போடற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப, அடைப்ப எடுத்துட்டா சென்னை வெயில்லயும் தெர்மோஸ்டாட்டோடயே நல்லா ஓடும்.

சாமானுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, அங்க இல்லன்னா புதுப்பேட்டை. பேர் சொல்லி கேக்காதீங்க, பழைய பார்ட்ட துடைச்சு கையில சாம்பிளா எடுத்துட்டுப் போங்க, கடைல வயசான ஒருத்தர் உக்காந்திருப்பாரு, வாங்கி திருப்பிப் பாத்துட்டு வேற எந்த வண்டிது பொருந்தும்னு சொல்லுவாரு, அந்த அறிவு எந்த புக்குலயும் கிடைக்காது. பில் மட்டும் கேட்டு வாங்குங்க. அங்க கிடைக்காத கேஸ்கெட், ட்ரன்னியன் கிட் எல்லாம் இங்கிலாந்துல இன்னும் புதுசா பண்றாங்க, கஸ்டம்ஸ் டியூட்டியையும் கணக்குல வச்சு ஒரே பார்சலா வரவழைங்க. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் ஆளுங்கள பாத்து பேசறதும் நல்லது, எந்த டிங்கர் யாருக்கு என்ன வேலை செஞ்சாருன்னு அவங்களுக்குத் தெரியும்.

துரு விஷயத்துலதான் நான் ஏமாந்தேன். முதல்ல குடுத்த டிங்கரிங் ஷாப்ல ரெண்டே வாரத்துல அழகா முடிச்சுக் குடுத்துட்டாங்க, அடுத்த மழைல கதவுக்குக் கீழ பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா வந்துச்சு, குத்திப் பாத்தா ஒரு விரல் தடிமனுக்கு பட்டி, அதுக்குப் பின்னாடி தகரமே இல்ல. அதனால காந்தத்த மெல்லிசு துணில சுத்தி பாடி முழுக்க தடவிப் பாருங்க, ஒட்டாத இடம் எல்லாம் பட்டி. பாக்க வேண்டிய இடங்க: சேசிஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிட்டு இருக்கற அவுட்ரிகர், கதவோட அடி, டிக்கி ஃப்ளோர், டிஃபரென்ஷியல் மாட்டற இடம். கடல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கற வீடுன்னா துரு இருக்கான்னு யோசிக்கவே வேணாம், இருக்கும், எவ்ளோன்னுதான் பாக்கணும்.

ஓபன் கார்ல ரூஃப் இல்லாததால கதவு இருக்கற இடத்துல பாடி சுலபமா தொய்யும். வெட்டி வெல்ட் பண்றதுக்கு முன்னாடி கதவ மாட்டி கேப் மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு அளந்து எழுதி வச்சுக்கங்க, கதவு வாசலுக்குக் குறுக்க ஒரு இரும்பு ஆங்கிள தற்காலிகமா வெல்ட் பண்ணி நிறுத்துங்க, ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டுதான் அடுத்த பக்கம் கை வைக்கணும். இத செய்யாம விட்டா வேலை முடிஞ்சு கதவு சாத்தாது, சேசிஸ்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.

ஹூடு எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. பழைய ஹூடு எவ்ளோ கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, அதான் பேட்டர்ன், தையல பிரிச்சு ஒவ்வொரு துண்டுலயும் இடது வலதுன்னு எழுதிக்கங்க. ஃப்ரேம் முதல்ல, ரிவெட் ஆடினா மாத்தி, மடங்கற இடத்துல எல்லாம் ஆயில் விட்டு, ஒரு கையால தூக்கி மடக்க வரணும். தைக்கறதுக்கு நான் போனது ஆட்டோவுக்கு டாப் தைக்கற ஒருத்தர்கிட்ட, கார் குஷன் கடைல ரெண்டு பேர் முடியாதுன்னு சொன்ன வேலைய அவரு ஒரு பீடா போட்டுக்கிட்டே அளவெடுத்துட்டாரு. துணில மட்டும் கஞ்சம் வேணாம், நான் முதல்ல எடுத்த சாதா ரெக்சின் ரெண்டே வெயில் காலத்துல மடிப்புல வெடிச்சுது, ரெண்டாவது தடவ படகுக்குப் போடற வினைல் வாங்கினேன். நூல் பாலியஸ்டரா இருக்கணும், காட்டன் நூல் மழைல இத்துடும்.

மாட்டறத காலைல 11 மணிக்கு மேல நல்ல வெயில்ல வச்சுக்கங்க. வினைல் சூட்டுல இளகும், அப்ப முன் கண்ணாடி மேல கொக்கி போட்டு, பின்பக்கம் இழுத்து கிளாம்ப் பண்ணி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் சுருக்கம் போனதும்தான் வெட்டி ஒட்டணும். நிழல்ல மாட்டினா அப்ப டைட்டா தெரியும், மத்தியானம் தொங்கிடும். அப்பறம் ஒருத்தர் ஹோஸ்ல தண்ணி அடிக்க நீங்க உள்ள டார்ச்சோட உக்காந்து ஒழுகற இடத்துல எல்லாம் சாக்பீஸ்ல குறி போடுங்க, பெரும்பாலும் கதவ சுத்தி வர ரப்பர் பீடிங்தான் காரணமா இருக்கும். ஈரத்தோட மடக்கக் கூடாது, ஒரே வாரத்துல பூஞ்சை பிடிச்சுடும். பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி மடங்கற இடத்துல ஒரு பழைய வேட்டித் துண்ட வச்சு மடக்குங்க, கோடு விழாது.

பெயிண்ட ஐப்பசி கார்த்திகைல எடுக்காதீங்க, காத்துல ஈரம் இருந்தா என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெள்ளையா பூத்துடும், மாசி பங்குனி சரியான நேரம். கலர் தெரியலன்னா டேஷ்போர்டுக்குப் பின்னாடி பாருங்க, வெயில் படாத இடத்துல ஒரிஜினல் கலர் அப்படியே இருக்கும். எங்களோடது மேல ரெண்டு கோட்டு வெள்ளை, அடில வெளிர் நீலம். பெரியம்மாட்ட காட்டினேன், "ஆமா, கல்யாணத்தப்ப இந்த நீலம்தான்"னாங்க, அதையே அடிச்சாச்சு.

ஓட்டறப்ப ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி ஸ்விங் ஆக்சில், அதாவது ஆக்சில் மேல கீழ ஆடறப்ப வீலும் கூடவே சாயும். வளைவுல வேகமா போயிட்டு சடார்னு ஆக்சிலேட்டர விட்டா பின் வீல் உள்ள மடங்கி வண்டி சுத்திடும், ஈசிஆர்ல போறப்ப வளைவுக்கு முன்னாடியே வேகத்த குறைங்க. சீட் பெல்ட் இருக்காது, சேசிஸ்ல பிடிமானம் குடுத்து மாட்டிடுங்க. மத்தபடி 25 அடி வட்டத்துக்குள்ள திரும்பற வண்டி, மயிலாப்பூர் சந்துல ரிவர்ஸ் எடுக்காமலே திருப்பலாம். நிறுத்தறப்ப பிளாஸ்டிக் கவர் போடாதீங்க, உள்ள வேர்த்துடும், காட்டன் கவர்தான்.

முதல் 500 கிலோமீட்டர் ஆனதும் வீல் நட், பிரேக் பைப் யூனியன், ஹோஸ் கிளிப் எல்லாம் ஒரு தடவ டைட் பண்ணி, ஆயிலும் மாத்திடுங்க. எங்க வண்டிக்கு அது போன ஞாயித்துக்கிழமை ஆச்சு, காலைல அஞ்சரைக்கு பெரியம்மாவ உக்கார வச்சு பெசன்ட் நகர் வரைக்கும் போனோம், அடையார் பாலம் தாண்டறப்ப ஹூட இறக்கச் சொன்னாங்க. ஸ்பீடோமீட்டர் கேபிள் மட்டும் இன்னும் கிடைக்கல, இந்த வாரம் பழைய கேபிள எடுத்துக்கிட்டு புதுப்பேட்டை போகணும்.