பிசிவி ஏறுவது ‘ரத்தம் ஊறுவது’ இல்லை: டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் வீடுகளில் ரத்தம் குறைந்தால்தான் வியாதி. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று எல்லாமே ரத்தம் ஊறுவதற்காகத்தான். அதனால் என் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 17.8 என்று வந்தபோது அம்மா “இப்பதான் உடம்புல ரத்தம் பிடிச்சிருக்கு” என்று சந்தோஷப்பட்டார், நானும் சந்தோஷப்பட்டேன். பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்த பிறகு என் உடம்பு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தானாகச் சுரப்பதில்லை, அப்போது மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த 17.8 ஊசி செய்த வேலை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் தவறே அதுதான், ஹீமோகுளோபினைப் பார்த்துத் திருப்திப்பட்டு ரிப்போர்ட்டை மூடிவிடுவது. அதே பக்கத்தில் பிசிவி என்று ஒரு வரி இருக்கும், ஹீமட்டோகிரிட் என்றும் சொல்வார்கள். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பது அந்த எண். ஆண்களுக்குச் சுமாராக 40 முதல் 50 வரை இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ன செய்கிறது என்றால், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது, இன்னொரு பக்கம் இரும்புச்சத்தைப் பூட்டி வைக்கும் ஹெப்சிடினைக் குறைக்கிறது, ஆக எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவும் போகிறது, சரக்கும் கிடைக்கிறது. அணுக்கள் கூடக்கூட ரத்தம் கெட்டியாகும். 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைத்து, ஏன் ஏறியது என்று தேடி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் ஹார்மோன் மருத்துவர்களின் வழிகாட்டுதல்.

இதில் ஊசிக்கும் ஜெல்லுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில், போட்ட சில நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் உச்சத்துக்குப் போய் அப்புறம் சரியும், அந்த உச்சங்கள்தான் சிவப்பணுக்களை அதிகம் ஏற்றுகின்றன. தோலில் தடவும் ஜெல்லில் அவ்வளவு ஏறுவதில்லை. எனக்கு டாக்டர் மருந்தை மாற்றவில்லை, ஒரே தடவையில் போட்டதைப் பிரித்துச் சின்ன அளவாக அடிக்கடி போடச் சொன்னார்.

அடுத்தது, ஆரம்ப எண் இல்லாமல் ஊசியைத் தொடங்குவது. ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டாக்டர் சீட்டு இல்லாமல் தொடங்குகிற தம்பிகளிடம் இதைத்தான் மன்றாடிக் கேட்கிறேன். ஊசிக்கு முன் பிசிவி 44 இருந்தவருக்கு 50 என்றால் அது ஆறு புள்ளி ஏற்றம், 49 இருந்தவருக்கு 50 என்றால் ஒன்றுமே இல்லை, ஆரம்ப எண் தெரியாவிட்டால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. தொடங்கும் முன்பே 48, 50ஐத் தாண்டியிருந்தால் முதலில் காரணத்தைத்தான் பார்க்க வேண்டும். தொடங்கிய பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு டெஸ்ட், அப்புறம் எல்லாம் சரியாக இருந்தால் வருஷத்துக்கு ஒன்று. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் குறைத்த பத்தாவது நாளே டெஸ்ட் எடுத்து “இறங்கவே இல்லையே” என்று கவலைப்படுவதில் பொருளில்லை, மாதங்கள் ஆகும்.

இனி தண்ணீர் விஷயம். சென்னையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர வாரம் அது. ராத்திரி முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்ததில் வியர்வையில் பனியன் நனைந்து உடம்பிலேயே காய்ந்திருந்தது, காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களே என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேளச்சேரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்கும் பெண் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, தட்டித் தட்டிப் பார்த்து, “தண்ணி குடிக்கலையா சார், நரம்பே கிடைக்கல” என்றார். பட்டை கட்டியபடியே இந்தக் கை, அந்தக் கை என்று மாற்றி மாற்றி ஒருவழியாக எடுத்தார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது, பிசிவி 54.3, பக்கத்தில் தடித்த எழுத்தில் அதிகம் என்ற குறி. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. பத்து நாள் கழித்து, முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு அதே லேபில் எடுத்தேன், 51.1.

உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சுருங்கும். அணுக்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, சதவீதம் மட்டும் ஏறும். பட்டையை நிமிஷக்கணக்கில் இறுக்கி வைத்திருந்தாலும் இதுவேதான் நடக்கும். வெறும் வயிறு என்றால் சாப்பாடு கூடாது என்றுதான் அர்த்தம், வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிறவர்களிடம் கொடுத்தால், சாம்பிள் எப்போது மெஷினுக்குப் போகும் என்று கேளுங்கள், ரொம்ப நேரம் கிடந்தால் அணுக்கள் உப்பிப் பிசிவி கூடுதலாகக் காட்டும். அதற்காக ஏறிய எண்ணை எல்லாம் தண்ணீர்க் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. எனக்கு 51.1 என்பதும் ஏற்றம்தான், அதை வைத்துத்தான் டாக்டர் ஊசியைப் பிரித்தார்.

திருநம்பிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. லேபில் பழைய அடையாள அட்டையை வைத்துப் பெண் என்று பதிந்துவிட்டால், ரிப்போர்ட்டில் பெண்களுக்கான அளவு அச்சாகும், பிசிவி 47 வந்தால்கூட அதிகம் என்று குறி விழும். டெஸ்டோஸ்டிரோன் நிலையாகப் போய்க்கொண்டிருப்பவருக்கு ஆண்களுக்கான அளவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குறியைப் பார்த்துப் பயந்து ஊசியையே நிறுத்தும் நிலை ஒருவருக்கும் வரக் கூடாது.

எண் ஏறியதும் பலர் செய்வது ரத்ததானம். நல்ல காரியம்தானே, ரத்தமும் குறையும் என்று தோன்றும். ஒரு யூனிட் கொடுத்தால் பிசிவி மூன்று புள்ளி அளவுக்கு இறங்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு யூனிட்டோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் வெளியே போகிறது. ஊசி அளவு அப்படியே இருப்பதால் சில மாதத்தில் எண் மறுபடி ஏறும், மறுபடி கொடுப்பார்கள், கடைசியில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைமட்டத்துக்குப் போய், படி ஏறினால் அசதி, முடி கொட்டுதல் என்று வந்து நிற்கும். அந்த அசதியைப் பார்த்து “ஊசி பத்தவில்லை” என்று அளவைக் கூட்டுகிறார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆண்களுக்கு இரண்டு தானத்துக்கு நடுவே 90 நாள் இடைவெளி என்பது நம் நாட்டு விதி, வேறு வேறு ரத்த வங்கிக்குப் போய் அதை மீறாதீர்கள், டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதை அங்கே மறைக்கவும் செய்யாதீர்கள். ரத்தம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். தானாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்வதும் வேண்டாம், அது பிசிவியைக் குறைக்காது, வயிற்றில் ரத்தக்கசிவைத்தான் உண்டாக்கலாம்.

எல்லாப் பழியையும் ஊசி மேல் போடுவதும் தவறு. ராத்திரி குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள், ஆக்சிஜன் குறையும்போது உடம்பு அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூட்டும். சிகரெட்டும் அப்படித்தான். வெள்ளணு, பிளேட்லெட் எல்லாம் சேர்ந்து ஏறியிருந்தால், குளித்ததும் உடம்பு அரித்தால், ரத்தநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஜாக்2 என்ற மரபணு டெஸ்ட் சொல்வார்.

ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ அது ரத்தக்கட்டி அடைப்பாக இருக்கலாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். 2023ல் வெளியான, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில் சுமார் பாதிப்பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களிடம் 0.9 சதவீதம், எடுக்காதவர்களிடம் 0.5 சதவீதம். சின்ன எண்தான், ஆனாலும் அறிகுறி வந்தால் அலட்சியம் கூடாது.

கடைசியாக, நம் ஊர் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வந்து படுத்தால் வார்டில் தினமும் பிசிவி பார்ப்பார்கள். ஒருவரின் வழக்கமான எண்ணிலிருந்து 20 சதவீதம் ஏறினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். வழக்கமாகவே 50ல் இருப்பவர் அதைச் சொல்லாவிட்டால் டாக்டர்கள் தவறாகக் கணக்குப் போட நேரும். அதனால் என் கடைசி நான்கு பிசிவியையும் தேதியோடு ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன், மனைவியின் போனிலும் அதன் போட்டோ இருக்கிறது.