முதல் செமஸ்டர் வேறு நாட்டில்: 'கிரெடிட் வரும்' என்ற பதிலை நம்பி நான் மாட்டிக்கொண்ட கதை

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு இந்த அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, அமெரிக்காவில் சீட் கிடைத்துவிட்டது. ஆனால் முதல் செமஸ்டர் லண்டனிலாம், ஜனவரியில்தான் மெயின் கேம்பஸாம். இதில் ஏதாவது வில்லங்கம் உண்டா?" வில்லங்கம் ஒன்றும் இல்லை. நானும் அந்த வழியாகப் போய்ச் சேர்ந்தவன்தான், போனதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. ஆனால் நான் சறுக்கிய அதே இடத்தில், அதே வரிசையில், ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பையன் சறுக்கி விழுவதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிளக் அடாப்டர், குளிர்கோட்டு, பாஸ்போர்ட் நகல் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார்.

எந்த வகை ஏற்பாடு என்று தெரியாமல் கிளம்புவது

பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் புது மாணவர்களில் ஒரு பகுதியை முதல் செமஸ்டருக்கு வேறு நாட்டுக்கு அனுப்புகிறது. நியூயார்க் பல்கலைக்கழகம், லிபரல் ஸ்டடீஸ் பிரிவில் சேரும் சிலரை முதல் வருடம் முழுவதும் லண்டன், ஃப்ளாரன்ஸ் போன்ற தன் மையங்களில் வைத்துப் படிக்க வைக்கிறது. கோல்பி, ஹாமில்டன் போன்ற சின்னக் கல்லூரிகளிலும் இப்படி ஜனவரியில் வந்து சேரும் மாணவர்கள் உண்டு. காரணம் ரகசியம் இல்லை. செப்டம்பரில் விடுதி நிரம்பி வழியும். டிசம்பரில் சிலர் படிப்பை முடித்து வெளியேறுவார்கள், மூன்றாம் வருட மாணவர்கள் சிலர் ஒரு செமஸ்டர் வெளிநாடு போவார்கள், கட்டில்கள் காலியாகும். அந்தக் கட்டில்தான் உங்களுக்கு.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஆனால் உள்ளே இரண்டு வகை இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகமே அந்த ஊரில் சொந்தமாக மையம் வைத்து, தன் பாட எண்களோடு தானே பாடம் நடத்துவது ஒரு வகை. அந்த ஊரில் இருக்கும் இன்னொரு கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு உங்களை அங்கே உட்கார வைப்பது இன்னொரு வகை. முதல் வகையில் நீங்கள் படிப்பது மெயின் கேம்பஸ் பாடம். இரண்டாவது வகையில் நீங்கள் படிப்பது அடுத்த வீட்டுப் பாடம், அதைப் பிறகு உங்கள் பல்கலைக்கழகம் தன் பாடமாக மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை. அந்த வித்தியாசம் எனக்கு ஜனவரி வரை தெரியாது.

'கிரெடிட் வருமா?' என்று கேட்பது

கிரெடிட் என்றால் ஒரு பாடத்தை முடித்ததற்கு டிகிரிக் கணக்கில் சேரும் அலகு. ஆனால் இந்தக் கேள்வியே தப்பு. அதைக் கேட்டுத்தான் நான் கெட்டேன்.

நான் சேர்ந்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். லண்டனில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கால்குலஸ் வகுப்பு காலை ஒன்பது மணிக்கு இருந்தது, அதற்குப் பதிலாக 'அளவீட்டு முறைகள்' என்கிற ரீதியில் பெயர் வைத்த ஒரு கணக்குப் பாடம் மதியம் இரண்டு மணிக்கு இருந்தது. அதிலும் வகையிடல் இருந்தது, கொஞ்சம் புள்ளியியலும் இருந்தது. லண்டன் ஏற்பாட்டின் ஒருங்கிணைப்பாளரிடம் "இதற்குக் கிரெடிட் வருமா?" என்று கேட்டேன். "வரும், நான்கு கிரெடிட்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதை இன்றும் ஒத்துக்கொள்கிறேன். நான்கு கிரெடிட் வந்தது.

வந்து எங்கே உட்கார்ந்தது? டிகிரிக்கு வேண்டிய எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்று கட்டம் கட்டமாகக் காட்டும் 'டிகிரி ஆடிட்' பட்டியலில், 'பொது எலெக்டிவ்' (விருப்பப் பாடம்) என்ற கட்டத்தில். கால்குலஸ் 1 என்ற கட்டம் காலியாகவே இருந்தது.

ஒரு பாடம்தானே, ஜனவரியில் எடுத்துக்கொண்டால் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். இன்ஜினியரிங்கில் ஒரு பாடம் என்பது சங்கிலியில் ஒரு கண்ணி. என் துறையில் கால்குலஸ் 1 முடித்தால்தான் கால்குலஸ் 2, ஃபிசிக்ஸ் 1 இரண்டுக்கும் அனுமதி. அவற்றை முடித்தால்தான் மின்சாரமும் காந்தமும் வரும் ஃபிசிக்ஸ் 2. அது முடிந்தால்தான் சர்க்யூட்ஸ். சர்க்யூட்ஸை எங்கள் துறை வசந்த செமஸ்டரில் மட்டும்தான் நடத்தியது. ஒழுங்காக வந்தவன் இரண்டாம் வருட ஜனவரியில் சர்க்யூட்ஸில் உட்காருவான். நான் ஜனவரியில் கால்குலஸ் 1, செப்டம்பரில் கால்குலஸ் 2-ம் ஃபிசிக்ஸ் 1-ம், அடுத்த ஜனவரியில் ஃபிசிக்ஸ் 2 என்று போனால், சர்க்யூட்ஸ் மூன்றாம் வருட ஜனவரியில்தான். மதியம் இரண்டு மணி வகுப்புக்கு ஆசைப்பட்டதற்கு விலை முழுசாக ஒரு வருடம்.

அதை எப்படிச் சரிக்கட்டினேன் என்றால், முதல் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாமல், பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் கால்குலஸ் 2-ம் ஃபிசிக்ஸ் 1-ம் ஒன்றாக எடுத்தேன். பதினாறு வாரப் பாடத்தை எட்டு வாரத்தில் விழுங்கினேன். கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரம் டாலருக்கு மேல் போனது. அப்பாவிடம் சொல்லும்போது 'கோடைக்கால வாய்ப்பு' என்று பூசி மெழுகினேன், அது வேறு கதை.

இதில் என்னை இன்னும் குடைவது பணம் இல்லை. நான் மேல்முறையீடு செய்திருக்கலாம். 'இந்தப் பாடத்தில் கால்குலஸ் 1-இன் பெரும்பகுதி இருக்கிறது, மறுபரிசீலனை செய்யுங்கள்' என்று துறைக்கு மனு போடும் வழி இருந்தது. மனுவோடு பாடத்திட்டமும், வாராவாரம் நடத்திய தலைப்புகளும், வீட்டுப்பாடமும், தேர்வுத்தாளும் வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை. செமஸ்டர் முடிந்ததும் அந்தக் கல்லூரியின் இணையக் கணக்கை மூடிவிட்டார்கள், அதோடு எல்லாம் போயிற்று. என்னோடு அதே வகுப்பில் இருந்த ஒரு பெண் ஒவ்வொரு காகிதத்தையும் சேமித்து வைத்திருந்தாள், நாங்கள் கிண்டல்கூடச் செய்தோம். அவள் மனு போட்டாள், கால்குலஸ் 1 கட்டம் நிரம்பியது. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், மதிப்பெண் என்னுடையதுதான் கூடுதல்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "இந்தப் பாடம் என் டிகிரி ஆடிட்டில் எந்தக் கட்டத்தில் உட்காரும்?" இதைப் பயண ஏற்பாடுகளைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்காதீர்கள், அவருக்கு உங்கள் துறையின் சங்கிலி தெரியாது. மெயின் கேம்பஸில் உங்கள் துறை அட்வைசரிடம் கேளுங்கள். வாய்ச்சொல்லாக இல்லாமல், இரு பக்கத்துப் பாட எண்களையும் போட்டு மின்னஞ்சலில் வாங்குங்கள். ஐந்து பாடம் எடுப்பதாக இருந்தால் ஏழுக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள், ஏனென்றால் முதல் வாரத்தில் ஆள் சேரவில்லை என்று ஒரு வகுப்பை ரத்து செய்வார்கள், இன்னொன்று வேறு வகுப்போடு நேரம் மோதும், அப்போது அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுப்பீர்கள். வேதியியல், உயிரியல் பக்கம் போகிறவர்கள் ஆய்வகம் உண்டா என்றும் பாருங்கள். ஆய்வகம் இல்லாத வேதியியலை, ஆய்வகம் கேட்கும் துறை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். பள்ளியிலேயே ஏபி (கல்லூரி அளவிலான பாடத்) தேர்வு எழுதிக் கிரெடிட் வாங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஏற்கெனவே கிரெடிட் இருக்கும் பாடத்தையே அங்கே மறுபடி எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் நிற்கும்.

உங்கள் துறைக்கான முதல் பாடம் அந்த ஊரில் நடக்கவே இல்லையென்றால்? இருக்கும் இடத்தில் பொதுப் பாடங்களை முடித்துவிட்டு, கோடையில் ஒரு பாடம் எடுக்கப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். தெரிந்து செலவழிப்பது வேறு, மாட்டிக்கொண்டு செலவழிப்பது வேறு.

இரண்டு விசா, ஒரே பாஸ்போர்ட்

கூடப் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலியில் பாதிதான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு முதல் நாட்டுக்கு ஒரு விசா, பிறகு அமெரிக்காவுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா. இத்தாலி, கிரீஸ் போல, ஒரே குறுகியகால விசாவைப் பகிரும் ஐரோப்பிய 'ஷெங்கன்' நாடு என்றால் 90 நாளைத் தாண்டியதும் குறுகியகால விசா செல்லாது, அந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். செப்டம்பர் தொடங்கி டிசம்பர் நடுவரை எண்ணிப் பாருங்கள், 90-ஐ தாண்டும்.

எஃப்-1 விசாவை "லண்டனில் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம்" என்று திட்டமிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. ஒரு செமஸ்டர் தங்குவதை 'வசிப்பது' என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எஃப்-1 வாங்கப் பாருங்கள். படிப்பு தொடங்கும் தேதிக்கு 365 நாள் முன்னதாகவே அந்த விசாவைக் கொடுக்க முடியும், விண்ணப்பிக்க, ஜனவரி தேதி போட்ட ஐ-20 (கல்லூரி தரும் சேர்க்கைச் சான்றுப் படிவம்) கையில் இருக்க வேண்டும். கல்லூரிகள் அந்த ஐ-20-ஐ அக்டோபரில் அனுப்பலாம் என்று சாவகாசமாக இருக்கும், மே மாதமே கேட்டு நச்சரியுங்கள். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் தனி. அப்புறம், ஒரு தூதரகத்தில் பாஸ்போர்ட் இருக்கும்போது இன்னொன்றில் கொடுக்க முடியாது, இரண்டு விசாவையும் ஒரே கோடைக்குள் வரிசைப்படுத்த வேண்டும்.

விசா கையில் இருக்கிறதே, அக்டோபரில் ஒருமுறை மெயின் கேம்பஸைப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு பையன் கேட்டான். முடியாது. எஃப்-1-இல் தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்புதான் உள்ளே விடுவார்கள்.

வார இறுதியில் பாரிஸ்

பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, அவற்றின் விசாவை வைத்துப் பாரிஸுக்குள் போக முடியாது. நண்பர்கள் விமானச்சீட்டு போடும்போது கூடவே நீங்களும் போட்டுவிடாதீர்கள்.

முதல் கோடையிலேயே இன்டர்ன்ஷிப் என்று கணக்குப் போடுவது

இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. எஃப்-1 மாணவர் படிப்போடு சேர்த்து வெளி நிறுவனத்தில் வேலை பார்க்கும் சிபிடி அனுமதிக்கு, ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். செப்டம்பரில் அமெரிக்காவிலேயே சேர்ந்தவனுக்கு மே மாதம் அந்தக் கணக்கு முடிந்துவிடும். உங்களுக்கு முடியாது. வெளிநாட்டில் படித்த செமஸ்டரைக் கணக்கில் சேர்க்க, அதற்கு முன் அமெரிக்காவில் ஒரு முழுப் பருவமாவது படித்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் வெளிநாட்டிலிருந்தே தொடங்குகிறீர்கள், ஆகவே உங்கள் கடிகாரம் ஜனவரியில்தான் ஓடத் தொடங்கும். முதல் கோடைக்குக் கேம்பஸுக்குள்ளேயே ஆய்வக வேலை ஏதாவது தேடுங்கள், அதற்கு இந்த ஒரு வருடக் கணக்கு கிடையாது.

பாஸ் ஆனால் போதும் என்று இருப்பது

சில ஏற்பாடுகளில் வெளிநாட்டு மதிப்பெண் ஜிபிஏவில் (மொத்த கிரேடு சராசரியில்) சேராது. அதைக் கேட்டதும் பாதிப் பேர் சுற்றுலாப் பயணியாகிவிடுவார்கள். பிரிட்டனில் 40 எடுத்தால் பாஸ், 70 எடுத்தாலே முதல் வகுப்பு. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் 'சி கிரேடுக்கு இணையாக இருந்தால்தான் ஏற்போம்' என்று வைத்திருந்தால், அங்கே பாஸான 42 இங்கே வெறும் காற்று. எந்த மதிப்பெண் எந்த கிரேடாக மாறும் என்ற அட்டவணையை முதல் வாரமே கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசிப் படிவத்தை ஜனவரிக்குத் தள்ளுவது

தள்ளாதீர்கள். அது போய்ச் சேராவிட்டால் பாடப்பதிவே முடங்கும்.

ஜனவரியில் நமக்காகக் காத்திருப்பார்கள் என்று நினைப்பது

யாரும் காத்திருக்க மாட்டார்கள். செப்டம்பரில் சேர்ந்தவர்களுக்கு அதற்குள் சாப்பாட்டு மேசைகூட நிரந்தரமாகியிருக்கும். பாதியில் ஒருவன் காலி செய்துவிட்டுப் போன அறையில் நீங்கள் நுழைவீர்கள், இன்னொரு கட்டிலில் இருப்பவன் தனியறை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருப்பான், உங்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறும். என் அறைத்தோழனின் முகம் பழையபடி ஆக மூன்று வாரம் ஆனது. லண்டனில் கூட இருந்த கூட்டத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளத் தோன்றும், ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் வேறு வேறு துறை, பிப்ரவரிக்குள் கலைந்துவிடுவார்கள். எங்கள் கேம்பஸில் கிளப்புகள் ஆள் சேர்க்கும் பெரிய நாள் செப்டம்பரில் முடிந்திருந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் சின்னதாக இன்னொன்று, நாலைந்து மேசைதான், பெரும்பாலும் ஜிம்முக்கு வெளியே குளிரில் போட்டிருந்தார்கள். ரேடியோ கிளப்பில் அன்றைக்குப் பெயர் கொடுத்தேன். சர்க்யூட்ஸ் பாடத்தை எனக்கு முன்னாலேயே முடித்திருந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.